தார்ப்பாயைச் சுவராகக் கட்டிய நாள்

போன மாதம் குமுளிக்குப் போயிருந்தபோது, மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் நம் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி தன் பையைத் திறந்து என்னிடம் காட்டினான். தார்ப்பாயைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து வாங்கினானாம். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியில் வெட்டியிருந்தான். முதுகுச் சுமை குறையுமாம். அதே பையின் அடியில் ஒரு ஸ்பீக்கரும் மூன்று பாக்கெட் மிக்சரும் இருந்தன. நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டேன். பாவம், அவன் முகம் வாடிவிட்டது. அவனுக்கும் அவனைப் போன்ற மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நாலைந்து வீடுகள், முன்னால் ஒரு வாசல், அவ்வளவுதான். கல்யாணமான பிறகும் கொழுந்துதான் கிள்ளினேன். பிறகு, மலைக்கு மேலே சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய்த் தங்கவைக்கும் ஒரு கேம்பில் சமையலுக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் வழிகாட்டி வரவில்லை. வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூட்டத்தோடு மேலே அனுப்பினார்கள். அதன்பின் நான் அந்தச் சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை. முழங்கால் இரண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்கிறவரை மலையில்தான் இருந்தேன். இப்போது வீட்டு ஜன்னலில் இருந்து அதே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில சாயங்காலங்களில் அது தாங்க முடியாத ஏக்கமாக இருக்கிறது. சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிப் படுக்கிற, ஹாமக் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் தூளி என்போம். எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் அதில் ஏறிப் படுத்ததும் பிள்ளையாகிவிடுவார். ஆட்டிவிடச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. தூளி இல்லாமல்கூட ஒரு ராத்திரியை எப்படியாவது ஓட்டிவிடலாம். அதற்கு மேலே தார்ப்பாய் இல்லாமல் மலையில் முடியாது. ஆகவே முகாமில் முதலில் ஏற வேண்டியது தார்ப்பாய், கடைசியில் இறங்க வேண்டியதும் அதுதான். அப்படியானால் பைக்குள் அது எங்கே இருக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே. மழை கொட்டும்போது அரிசியையும் போர்வையையும் வெளியே எடுத்துப்போட்டு அடியில் தார்ப்பாயைத் தேடுகிறவனை நான் பார்த்திருக்கிறேன். அவனுடைய தார்ப்பாய் காற்றைவிட லேசானது. என்ன பிரயோசனம்?

நாங்கள் தொடங்கியது பழைய நீலத் தார்ப்பாய் காலத்தில். அதைச் சுமந்தவர்களுக்கு இன்றைய துணி பட்டுப்புடவை மாதிரி. அதையும் லேசாக்க வழி உண்டு. மடிக்காதீர்கள். கொசுவலைத் துணியில் நீளமாக, குழாய் மாதிரி ஓர் உறை தைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயைச் சுருட்டி அதற்குள் இழுத்துவிட்டால் தடித்த கயிறு போல ஆகிவிடும். அப்படியே இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிவைக்கலாம். மழை வந்தால் உறையை விலக்கினால் கூரை. காற்று மிஞ்சினால் மறுபடி உறைக்குள். இரும்பு முளைகளை வீட்டில் வையுங்கள், மலையில் கல்லுக்கும் குச்சிக்கும் பஞ்சமில்லை. மரத்தைச் சுற்றக் கட்டில் நாடா போதும். அகலமாக இருப்பதால் மரப்பட்டை அறுபடாது. ஓரக் கயிறுகளைக் கழற்றாமல் தார்ப்பாயிலேயே சுற்றி, சைக்கிள் டியூபில் நறுக்கிய வளையத்தை மாட்டிவிடுங்கள். மேலே தார்ப்பாயைத் தாங்கும் முகட்டுக் கயிற்றில் ஒரு சின்னத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால், மரத்திலிருந்து வழிந்து வரும் தண்ணீர் தூளிக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். இதெல்லாம் இப்போது யூடியூபில் கிடைக்கிறது. என்னைவிட அழகாகவே காட்டுகிறார்கள்.

அதில் கிடைக்காத ஒன்று, தார்ப்பாயை எங்கே கட்டுவது, எதற்காகக் கட்டுவது என்பது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கூட்டாளியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அவர் வண்டன்மேட்டுக்காரர். பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார், அதனால் அண்ணன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். மேகத்தைப் பார்த்து மழையைச் சொல்வது, ஆனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று விசாரித்த பிறகே காலை எடுத்துவைப்பது, இப்படி மலையில் நான் தெரிந்துகொண்டதில் பாதி அவரிடம் கற்றது. ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. அது முடிச்சு.

கொழுந்து கிள்ளும் பெண்கள், பனியில் நனைந்த செடி சேலையை நனைக்காமல் இருக்க, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவோம். அந்தக் கட்டு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். உள்ளே அட்டை ஏறிவிட்டால் முடிச்சோடு யார் மல்லுக்கட்டுவது? அதனால் நான் எதைக் கட்டினாலும் இழுத்தால் அவிழும்படி வளையமாக ஒரு காதை வெளியே விட்டுத்தான் கட்டுவேன். அண்ணன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மூட்டை கட்டி வளர்ந்தவர். அங்கே கட்டியவனுடைய முடிச்சுதான் மூட்டைக்குப் பூட்டு. பிரிக்கிறவர் முடிச்சை அவிழ்த்துத்தான் பிரிக்க வேண்டும். கயிறு அறுபட்டிருந்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் சந்தேகம் கட்டியவன் மேலேயே விழும். அந்தப் பழக்கம் அவர் விரல்களில் ஊறிப்போயிருந்தது. முடிச்சை இறுக்கி, அதன் மேல் இன்னொன்று போட்டு இறுக்கி, பல்லால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். கயிற்றில் கத்தி வைப்பதைப் பற்றிப் பேசினாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"ஒன் முடிச்சு பாவாட நாடா முடிச்சு தங்கச்சி. காத்து ஊதுனா அவுந்துரும்" என்பார்.

"ஒங்க முடிச்சு பாடையில போடுற முடிச்சுண்ணே. கட்டுனா கட்டுனதுதான்" என்பேன் நான்.

இப்படியே வருடங்கள் ஓடின. இருவர் முடிச்சும் அதுவரை யாரையும் கைவிட்டதில்லை.

ஒரு தை மாதம், ஓர் அப்பாவும் மகளும் மட்டும் வந்தார்கள். அப்பா எழுபதைத் தாண்டியவர். சின்னக்கானல் பக்கத்தில், எங்கள் எஸ்டேட்டுக்கு அடுத்த எஸ்டேட் டீ பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும், அதுதான் எஸ்டேட் வழக்கம். அவரும் சாமான்களை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மலையில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் போன இடத்துப் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டே வந்தார்.

"எம்மக லயத்துல ஓடித்திரிஞ்ச வரைக்கும் ஒழுங்காத்தான் பேசிக்கிட்டிருந்துச்சு தாயி. பாலக்காட்டுக்குப் போனதும் பாத்தா, ஆட்டுக்குட்டிக்குக்கூட 'ங்க' போடுது."

எதற்காக மேலே வருகிறீர்கள் என்று கேட்டேன். "வேல பாத்த காலமெல்லாம் லயத்துல இருந்து மலைய அண்ணாந்து பாத்தாச்சு. ஒரு தடவையாச்சும் மலைமேல இருந்து லயத்தப் பாக்கணும்" என்றார்.

ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மகள் என்னைத் தனியாகக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"ஏனுங்க அக்கா, உங்க கையில ஒரு காரியம் ஆகோணுமுங்க. அந்த லயம் இப்ப இல்லீங்க."

"இல்லையா?"

"இடிச்சுப் போட்டாங்க. என்கூடப் படிச்ச புள்ள ஒண்ணு போட்டோ அனுப்பியிருந்துச்சுங்க. வெறுந்தரையாக் கெடக்குது. அப்பாவுக்குத் தெரியாதுங்க. அம்மா செத்தது அந்த ஊட்டுலதானுங்க. பாத்தா இவரு தாங்க மாட்டாரு."

"அப்பறம் எதுக்கும்மா கூட்டியாந்த?"

"வேண்டாம்னு சொன்னா அவரே பஸ்ஸேறி வந்துருவாருங்க. கூட நான் இருந்தா எப்படியாச்சும் மறச்சுப் போடலாம்னு நெனச்சேன். கீழ தெரியாத எடமாப் பாத்துத் தூளி கட்டிருங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நானும் லயத்தில் பிறந்தவள். சரி என்று சொல்லிவிட்டேன்.

மேலே நாங்கள் வழக்கமாகத் தங்குகிற இடம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் மேல் எல்லையில், மலைமுகட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். சுற்றிலும் மரம், காற்று நுழையாது. அங்கிருந்து கொஞ்சம் ஏறினால் முனை. அங்கே நின்றால் கீழே எஸ்டேட்டுகள் முழுக்கத் தெரியும். கூட்டம் வந்தால் சாயங்காலம் முனையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு பள்ளத்துக்கு இறங்கித் தூங்குவார்கள். முனையில் யாருக்கும் நாங்கள் தூளி கட்டியதில்லை. ஆகவே மகள் கேட்டது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. பள்ளத்தில் கட்டிவிட்டால் முடிந்தது.

அப்பா நேராக முனைக்குத்தான் போனார். கீழே மேகம் நிறைந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"இங்கயே கட்டுங்க தாயி."

"இங்க காத்தடிக்கும் ஐயா. கீழ பள்ளம் இருக்கு, கதகதன்னு இருக்கும்."

"இருக்கட்டும். காலையில கண்ண முழிச்சதும் தெரியணும். இன்னொரு தடவ ஏற எனக்குத் தெம்பு இருக்குமான்னு சொல்ல முடியாது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணனைத் தள்ளிக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். ரொம்ப இளகின மனசு அவருக்கு. யார் அழுதாலும் கூட அழுதுவிடுவார்.

"ரெண்டு பேரும் பாவம் தங்கச்சி. ஒண்ணு செய்வோம். அவரு கேட்ட எடத்துலயே கட்டுவோம். தார்ப்பாயோட ஒரு பக்கத்த மட்டும் கீழ தெரியிற பக்கமாத் தரை வரைக்கும் எறக்கிக் கல்லு கட்டிருவோம். பனி அடிக்கும்னு சொல்லிக்கலாம். காலையில மேகம் மூடியிருந்தா அப்படியே கூட்டிட்டு எறங்கிரலாம்."

யோசனை அவருடையது, சரி என்றது நான். கேட்கும்போது அது அழகான யோசனையாகத்தான் இருந்தது. யாருடைய மனதும் நோகக் கூடாது என்று நாம் யோசிப்பதெல்லாம் அந்த நேரத்தில் அழகாகத்தான் இருக்கும். கூரையாக இருக்க வேண்டிய தார்ப்பாயைச் சுவராக்குகிறோம், அதுவும் மலைமுனையில், என்பதை இரண்டு பேரும் நினைக்கவே இல்லை. நினைத்தது அந்த அப்பாவையும் மகளையும் மட்டும்தான்.

அண்ணனே கட்டினார். பெரியவருக்கு என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதல் கவனமாகக் கட்டினார். முகட்டுக் கயிறு இரண்டு மரத்திலும் முடிச்சின் மேல் முடிச்சாக இறுகியது. கீழ் ஓரத்தில் கயிறுகளைக் கல்லில் சுற்றி அதையும் மூட்டை போல் கட்டினார். அப்பா தூளியில் ஏறிப் படுத்து, தனக்கு முன்னால் நின்ற அந்தத் தார்ப்பாய்ச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மகள் நிம்மதியாக என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தை மாதத்தில் மழையை யார் எதிர்பார்ப்பார்கள்? வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் காற்று வந்தது. கீழிருந்து, நேராக எங்கள் சுவரின் மேல். முதலில் தார்ப்பாய் உள்பக்கமாக உப்பியது. பிறகு முகட்டுக் கயிறு முனகத் தொடங்கியது. பின்னாலேயே மழை.

தார்ப்பாய் கட்டுகிறவர்களுக்குக் கயிறு முனகுவது தெரிய வேண்டும். அது நல்ல சத்தம் இல்லை. கூரையாகக் கட்டியிருந்தால் காற்று மேலும் கீழுமாகப் பிரிந்து போயிருக்கும். சுவரில் மோதிய காற்றுக்குப் போக வழியில்லை. இரண்டு மரமும் ஆடின. அவற்றில்தான் தூளியும் கட்டியிருந்தது, அதற்குள் பெரியவர். மகள் தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "அப்பா, எறங்குங்கப்பா" என்று கத்தினாள். ஆடுகிற தூளியில் இருந்து ஒரு வயசாளி சட்டென்று இறங்க முடியாது.

அப்போது கீழ் ஓரத்தில் கட்டியிருந்த கல் ஒன்று தரையை விட்டு எழும்பியது. தேங்காய் அளவுக் கல். கயிற்றோடு சேர்ந்து காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, பெரியவர் தலைப்பக்கமாக வந்து மரத்தில் மோதியது. மறுபடி எழும்பியது.

அண்ணன் மரத்தடியில் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். நனைந்த கயிறு, விறைத்துப்போன விரல். அவர் போட்ட முடிச்சு, அவருக்கே பிடி கொடுக்கவில்லை.

"அறுத்துருங்கண்ணே!"

"இரு தங்கச்சி, அவுந்துரும். இந்தா அவுந்துரும்."

"அவுறாது! அறுங்க!"

"கயித்துல கத்திய வைக்காத!"

என் இடுப்பில் காய் நறுக்கும் கத்தி இருந்தது. ஒரு கணம் எனக்கும் கை தயங்கியது. எத்தனை வருடப் பழக்கம், எவ்வளவு மரியாதை அவர் மேல். அவர் கட்டியதை அவர் கண்முன்னால் அறுப்பது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி என்று எனக்குத் தெரியும். கல் மூன்றாவது தடவை எழும்பியது. நான் அண்ணனைத் தோளால் தள்ளிவிட்டு முகட்டுக் கயிற்றை அறுத்தேன். காற்றைப் பிடித்துவைத்திருந்த சுவர் படாரென்று சரிந்து விழுந்தது. கல்லும் அதோடு தரையில் விழுந்தது. அண்ணன் தார்ப்பாய் பறந்துவிடாமல் அதன் மேலேயே விழுந்து படுத்துக்கொண்டார்.

பெரியவரை நானும் மகளும் கைத்தாங்கலாகப் பள்ளத்துக்கு இறக்கினோம். அதற்குள் அவர் முழுக்க நனைந்துவிட்டார். பள்ளத்தில் எங்கள் இருவருக்காக நான் கட்டிவைத்திருந்த தார்ப்பாய் உறைக்குள்ளேயே இருந்தது. உறையை விலக்கி நாலு ஓரத்தையும் தாழ்வாக இழுத்துக் கட்டினேன். கூரை வந்துவிட்டது. பெரியவருக்கு உதடு நீலம் பாரித்து, பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் சிலர் முதலில் டீ போட ஓடுவார்கள். டீ அப்புறம். முதலில் ஈரத்துணியைக் களையுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள். துடைத்து, காய்ந்த போர்வையைச் சுற்றி, என் தூளியில் ஏற்றினோம். அண்ணன் தூக்கிவந்த அந்தக் கயிறு அறுந்த தார்ப்பாயை உதறித் துடைத்து, காற்று நுழையாதபடி தூளிக்கு வெளியே அதையும் சுற்றினோம். பிறகுதான் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கட்டன், பால் ஊற்றாத டீ. மகள் அவர் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பல்லும் தந்தியடித்தது, அவளுக்கு அது தெரியவே இல்லை.

கட்டனை மூன்று தடவை வாங்கிக் குடித்த பிறகு பெரியவர் வாயைத் திறந்தார்.

"பேக்டரியில கொழுந்த வாட்டப் போடுற மாதிரி என்னையப் பரத்திப் போட்டுட்டீங்களே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அறுந்த கயிற்றின் இரண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"நீ அறுத்ததுதான் சரி தங்கச்சி. ஏங் கைதான் கேக்கல."

அவர் அப்படிச் சொன்னதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் கட்டிய ஒவ்வொரு தார்ப்பாயிலும் முடிச்சின் ஒரு காது வெளியே நின்றது. மூட்டை கட்டும்போது மட்டும் பழையபடிதான்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு வராது. வருகிறவர்கள் கெஞ்சுவார்கள். ஒருவர் இங்கே கட்டு என்பார், இன்னொருவர் அங்கே கட்டு என்பார். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கும். தார்ப்பாய்க்கு அந்த நியாயம் எதுவும் தெரியாது, அதற்குக் காற்றும் மழையும் மட்டும்தான் தெரியும். தலைக்கு மேலே கட்டுங்கள். கண்ணுக்கு முன்னால் கட்டாதீர்கள்.

தூங்கப்போகும் முன் மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "இங்கிருந்து கீழ ஒண்ணும் தெரியாதுங்கள்ல அக்கா?" தெரியாது என்றேன். "நல்லவேளைங்க. விடிஞ்சதும் இப்படியே எறங்கிரலாமுங்க" என்றாள். மழைதான் அவளுக்குக் கைகொடுத்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

விடியும்போது அவளுடைய சத்தத்தில்தான் எழுந்தேன். அப்பாவின் தூளி காலியாக இருந்தது. சுற்றியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கமாக விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அவள் செருப்புக்கூடப் போடாமல் முனைக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அண்ணனும் கையில் இருந்த கட்டன் டம்ளரோடு ஏறி வந்தார்.

பெரியவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு, முந்தின நாள் உட்கார்ந்த அதே கல்லில் உட்கார்ந்திருந்தார். ராத்திரிக் காற்று மேகத்தை எல்லாம் துடைத்துப்போட்டிருந்தது. கீழே தேயிலைச் சரிவுகளும், பேக்டரித் தகரக் கூரையும், பாதைகளும் தெளிவாகத் தெரிந்தன. மகள் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் சேலையை விரித்துப் பிடித்தாள். அப்படிச் செய்வது அவளுக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

"வாங்கப்பா. குளிருதுங்க. போலாம் வாங்க."

"நகரு பாப்பா. மறைக்காத."

"மேகமா இருக்குதுங்கப்பா. ஒண்ணும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும் பாப்பா. இடிச்ச அன்னைக்கே எங்கூட வேல பாத்தவன் போன் போட்டுச் சொல்லிட்டான்."

அவள் கை மெல்ல இறங்கியது.

"அப்பறம் ஏனுங்கப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ பொறந்த வீடுல்ல. சொன்னா நீ தாங்குவியா? தனியா வந்து பாத்துட்டுப் போயிரலாம்னு கெளம்புனா, நீயும் வருவேன்னு நின்ன. நேத்துப் பூரா எனக்கு இதே நெனப்புதான், ஒன் கண்ணுல படாம இதப் பாத்துட்டு எப்படி எறங்குறதுன்னு. அந்தத் தார்ப்பாய இந்தப் பக்கமா எறக்கிக் கட்டுனாங்க பாரு, எனக்கு அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இல்லாத ஊட்டப் பாக்கவா அப்பா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள் மகள்.

"வீடு இருக்கான்னு பாக்க வரல பாப்பா. வீடு இல்லாம அந்த எடம் எப்படி இருக்குன்னு பாக்கத்தான் வந்தேன். இடிச்சிட்டாங்கன்னு காதால கேட்டது மனசுல நிக்கல. கண்ண மூடுனா அந்த வீட்டு வாசல்லதான் போய் நிக்கிறேன். ஒங்கம்மா உள்ள இருந்து யாருன்னு கேக்குறா. கண்ணால பாத்துட்டா விட்டுரும்னு நெனச்சேன்."

அவள் அவர் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே நெருக்கி உட்கார்ந்தாள். அவர் போர்வையின் ஒரு பாதியை எடுத்து அவள் தோளில் போட்டார். இரண்டு பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து அவள் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எதுங்கப்பா நம்ம ஊடு?"

அவர் விரலை நீட்டினார். "பேக்டரியில இருந்து பாத வருதா, அது வளையிற எடத்துல செகப்பா மண்ணு தெரியுது பாரு. அதான். மொத வீடு டிரைவரு வீடு. ரெண்டாவது ஒன் மல்லிகா அத்த வீடு. மூணாவது நம்ம வீடு."

வெறும் மண்ணில் அவர் விரல் ஒவ்வொரு வீடாக நின்று நின்று நகர்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த விரலின் நேருக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்ப அடுப்படி எந்தப் பக்கமுங்கப்பா வரும்?"

அவர் காட்டினார்.